511 வெற்றி என்பது யாருடைய கணக்கு?

சை யங் என்ற அமெரிக்க பேஸ்பால் பிட்ச்சர், அதாவது பந்து போடுபவர், 511 ஆட்டங்கள் ஜெயித்திருக்கிறார், முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட் மாதிரி அதையும் யாராலும் தொட முடியாதா, அப்படியானால் எல்லாக் காலத்துக்கும் பெரிய பிட்ச்சர் அவர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ராட்போர்ன் என்பவர் ஒரே வருஷத்தில் 59 ஆட்டம் ஜெயித்தார் என்று ஓரிடத்திலும் 60 என்று இன்னோரிடத்திலும் இருக்கிறதே, எது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், தொட முடியாது. இரண்டாவதற்கு, அநேகமாக இல்லை. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். ஒரு பிட்ச்சர் 'ஜெயித்தார்' என்று பேஸ்பாலில் எழுதுகிறார்களே, அதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பென்சில்தான். திருச்சியில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். இருபது வருஷமாக ஒஹாயோவில், கிளீவ்லண்ட் பக்கத்தில் இருக்கிறேன். பையன் ஆடப்போன மைதானத்தில் ஸ்கோர் எழுத ஆளில்லை என்று ஒருநாள் நோட்டையும் பென்சிலையும் என் கையில் திணித்தார்கள். பையன் காலேஜுக்குப் போய்விட்டான், பென்சில் மட்டும் பன்னிரண்டு வருஷமாக என்னிடமே தங்கிவிட்டது. பிழைப்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் புள்ளிவிவரம் பார்ப்பது. அதனால் பழைய ஆட்டங்களின் கணக்குகளை நோண்டுவது பொழுதுபோக்காகிவிட்டது. மற்றபடி நான் ஒரு பந்துகூட உருப்படியாகப் போட்டதில்லை. ஒரு பிட்ச்சரின் தோளுக்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம் எனக்குப் படித்துத் தெரிந்ததுதான்.

கிரிக்கெட்டில் விக்கெட் பவுலருடையது. ஸ்டம்பு பறந்தது, அவர் பெயரில் ஒன்று ஏறியது. பேஸ்பாலில் வெற்றி டீமுக்குக் கிடைக்கிறது, ஆனால் அதை ஒரே ஒரு பிட்ச்சரின் பெயரில் எழுதியாக வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம். யாருடைய பெயரில்? ஜெயித்த டீம் கடைசியாக எப்போது முன்னிலைக்கு வந்து அதற்குப் பிறகு அதை விடவில்லையோ, அப்போது அந்த டீமுக்குக் கடைசியாகப் பந்து போட்டிருந்தவர் யாரோ அவர் பெயரில். ஆட்டத்தைத் தொடங்கியவர் என்றால் குறைந்தது 5 இன்னிங்ஸ் போட்டிருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும் சங்கடம்.

எங்கள் மைதானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பையன்கள் லீகில் ஆட்டம் 6 இன்னிங்ஸ்தான். 12 வயதுப் பையன் ஒருவன் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் போடக்கூடாது என்று விதி. இடது கைப் பையன் ஒருவன் அன்றைக்கு ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு பேரை அவுட்டாக்கும் வரை, பேட்டர் அடித்து பேஸைத் தொடும் ஹிட் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. என் நோட்டில் வரிசையாக கே, கே, கே. மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்டாகும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு அந்த எழுத்து. பேட்டை வீசாமல் வேடிக்கை பார்த்து ஸ்ட்ரைக் அவுட் ஆனவனுக்கு அந்த எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும், அன்று அதுவே நாலைந்து இருந்தது. டீம் 1-0 என்று முன்னால் நிற்கிறது. என் இடது கையில் இருந்த, பந்தை எண்ணும் கிளிக்கர் 85 காட்டியது. அம்பயருக்குச் சைகை செய்தேன், பையனை இறக்கிவிட்டார்கள். அடுத்து வந்தவன் அந்த இன்னிங்ஸை எப்படியோ முடித்தான், ஆறாவதில் 2 ரன் கொடுத்து முன்னிலையைத் தொலைத்தான். கடைசி வாய்ப்பில் டீம் 2 ரன் அடித்து 3-2 என்று ஜெயித்துவிட்டது. விதிப்படி வெற்றி யாருக்கு? முன்னிலையைத் தொலைத்தானே, அவனுக்கு. ஆட்டம் முடிந்ததும் இடது கைப் பையன் வேலி ஓரமாக வந்து நோட்டை எட்டிப் பார்த்தான். "எனக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்றான். அவன் பெயருக்கு நேராக ஜெயிப்பும் இல்லை, தோல்வியும் இல்லை. அதைச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் போய்விட்டான். பெரியவர்கள் இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்வதில்லை.

பெரிய லீகிலும் இதே கதைதான். 1987-இல் ஹூஸ்டனுக்கு ஆடிய நோலன் ரயன், பெரிய லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே குறைந்த ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தார், 2.76. ஈ.ஆர்.ஏ. என்பது 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டார் என்ற கணக்கு. ஃபீல்டர்கள் பிழை செய்ததால் வந்த ரன்கள் இதில் சேராது. ஸ்ட்ரைக் அவுட்டிலும் லீகில் அவர்தான் முதல், 270. அந்த வருஷம் அவர் கணக்கு 8 வெற்றி, 16 தோல்வி. அவர் போடும்போதெல்லாம் சொந்த டீம் ரன் அடிக்க மறந்துபோனது. 1965 செப்டம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் சாண்டி கோஃபாக்ஸ் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் 27 பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள். அன்று எதிரில் போட்டவர் சிகாகோ கப்ஸின் பாப் ஹென்ட்லி. அவர் கொடுத்தது ஒரே ஒரு ஹிட், அந்த ஹிட்டில் ரன் வரவும் இல்லை. நாலு தப்பான பந்துக்கு இலவசமாக பேஸ் கிடைக்கும் வாக் ஒன்று, பந்தை மெல்லத் தட்டிவிடும் பன்ட் ஒன்று, அடுத்த பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடும் ஸ்டீல் ஒன்று, கேட்ச்சர் விட்டெறிந்த தப்பான த்ரோ, இப்படியாக ஒரு ரன் வந்தது. ஹென்ட்லியின் பெயரில் அது தோல்வி. எதிர்ப் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1972-இல் ஃபிலடெல்ஃபியா டீம் வருஷம் முழுக்க ஜெயித்ததே 59 ஆட்டம். அதில் 27 ஸ்டீவ் கார்ல்டன் ஒருவர் பெயரில். அந்த மாதிரி டீமை வைத்துக்கொண்டு 27 ஜெயிப்பது, பலமான டீமில் 30 ஜெயிப்பதைவிடப் பெரிய காரியம் என்பேன்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, ஓட்டுப் போடும் பத்திரிகைக்காரர்களே வெற்றி எண்ணிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் சிறந்த பிட்ச்சருக்குக் கொடுக்கும் விருதுக்கு சை யங்கின் பெயர்தான். 2010-இல் அது 13 வெற்றி 12 தோல்வி கண்ட ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்குப் போனது. 2018-இல் 10 வெற்றி 9 தோல்வி கண்ட ஜேக்கப் டிகிராமுக்குப் போனது, அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.70. வெற்றிகளுக்காகப் புகழ்பெற்ற ஒருவரின் பெயரில் இருக்கும் விருது, வெற்றிகளைப் பார்க்காமல் கொடுக்கப்படுகிறது. எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

இப்போது சை யங்கிடமே வருகிறேன். 1867-இல் இந்த ஒஹாயோவிலேயே ஒரு கிராமத்தில் பிறந்தவர். டென்டன் ட்ரூ யங் என்பது பெயர். 'சை' என்பது சைக்ளோனின் சுருக்கம், அதாவது புயல். 1890-இல் கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸில் தொடங்கி 1911 வரை 22 சீசன் ஆடினார். அவர் வந்தபோது பிட்ச்சர்கள் 50 அடியில் முன்கோடு போட்ட ஒரு பெட்டிக்குள் நின்று போட்டார்கள். 1893-இல் அதை எடுத்துவிட்டு இன்றிருக்கும் 60 அடி 6 அங்குலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த மாற்றத்தில் பல பேர் காணாமல் போனார்கள். இவர் முந்தின வருஷம் 36 ஜெயித்திருந்தவர், தள்ளிவைத்த வருஷத்திலும் 34 ஜெயித்தார். 'பக்கத்தில் நின்று போட்ட காலத்து வெற்றியெல்லாம் கணக்கில் சேருமா' என்று சிலர் கேட்பார்கள். சரி, கழித்தே பார்ப்போம். 1890 முதல் 92 வரை அவர் ஜெயித்தது 9, 27, 36, மொத்தம் 72. 511-இல் கழித்தால் 439. இரண்டாவது இடத்தில் இருக்கும் வால்டர் ஜான்சனின் மொத்தமே 417-தான்.

தொட முடியாது என்று ஏன் அடித்துச் சொல்கிறேன்? ஒருவர் வருஷத்துக்கு 20 வீதம் 25 வருஷம் ஜெயித்தாலும் 500-தான் வரும். இன்றைக்கு ஒரு சீசனில் 20 தொடுபவர் ஒருவர் இருந்தாலே செய்தி. 30 தொட்ட கடைசி ஆள் 1968-இல் டெனி மெக்லெய்ன். 300-ஐத் தாண்டிய கடைசி ஆள் ராண்டி ஜான்சன், அதுவும் 2009-இல். ஆனால் என்னை அசத்துவது 511 இல்லை. யங் 815 ஆட்டங்களைத் தொடங்கி அதில் 749-ஐத் தானே முடித்திருக்கிறார், உதவிக்கு ஆள் வராமல். இப்போது 30 டீமும் சேர்ந்து ஒரு சீசனில் 2,430 ஆட்டம் ஆடுகின்றன. எல்லா பிட்ச்சர்களும் சேர்ந்து முழுசாக முடிக்கும் ஆட்டம் 40-ஐக்கூட எட்டுவதில்லை. அவர் போட்டது 7,356 இன்னிங்ஸ். இன்று வருஷத்துக்கு 200 இன்னிங்ஸ் போட்டால் கடுமையான உழைப்பாளி என்கிறோம். அந்த வேகத்தில் போனால் ஏறக்குறைய 37 வருஷம் ஆகும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அதிகத் தோல்விகளும் அவர் பெயரில்தான், 315 அல்லது 316, பழைய தாள்களை யார் கூட்டினார்கள் என்பதைப் பொறுத்து. அதிக ஹிட் கொடுத்தவரும் அவரே. அவ்வளவு காலம் அவ்வளவு பந்து போட்டால் எல்லாமே அதிகமாகத்தான் இருக்கும்.

எப்படி முடிந்தது? அந்தக் காலத்து ஆட்டம் வேறு. ஒரே பந்தை நாள் முழுக்க வைத்துக்கொண்டு ஆடுவார்கள். மண்ணும் வெற்றிலைச் சாறு மாதிரியான புகையிலை எச்சிலும் பட்டு, அது பழுப்பேறி நசுங்கிப் போயிருக்கும். 1911-இல் அமெரிக்கன் லீகில் அதிக ஹோம் ரன் அடித்தவரின் கணக்கே வருஷத்துக்கு 11. ஒரே அடியில் ஆட்டம் கைமாறிவிடும் என்ற பயம் இல்லாததால், பிட்ச்சர் எட்டாவது ஒன்பதாவது ஆளுக்கு முழு பலத்தோடு போட வேண்டியதில்லை. நெருக்கடி வரும்போது மட்டும் முழு வீச்சு. 1920-இல் எச்சில் தடவிய பந்தைத் தடை செய்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற கிளீவ்லண்ட் வீரர் தலையில் பந்து பட்டு இறந்துபோனார். அழுக்கான பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை என்று அடிக்கடி மாற்ற ஆரம்பித்தார்கள். ஆட்டம் பேட்டர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே 1905-இன் எண்ணையும் 2005-இன் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒன்றும் தெரியாது.

வேகத்தைப் பற்றியும் இதே எச்சரிக்கை. வால்டர் ஜான்சனின் பந்தை 1912-இல் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையின் கருவியில் அளந்தபோது வினாடிக்கு 122 அடி வந்தது, மணிக்கு ஏறத்தாழ 134 கிலோமீட்டர். இன்றைய காலேஜ் பையனே இதைத் தாண்டுவான். ஆனால் அந்தக் கருவி தோட்டாவுக்காகச் செய்தது, பந்து அதற்குள் நுழையும் இடத்தில் அளந்தது, அவர் அதைக் குறிபார்த்துப் போட வேண்டியிருந்தது. நோலன் ரயனை 1974-இல் அளந்து 100.9 மைல் என்றார்கள், அது பந்து பேட்டரை நெருங்கிய பிறகு எடுத்த அளவு. இப்போது கையை விட்ட உடனே அளக்கிறார்கள், அங்கேதான் வேகம் அதிகம். 2010-இல் அரோல்டிஸ் சாப்மன் போட்ட 105.8 மைல் பந்தையும் இதையும் நேராக ஒப்பிட்டால் ரயனுக்கு அநியாயம். இவர்களில் யார் வேகமானவர் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

பின் எதை நம்புவது? நான் செய்வது எளிய கணக்கு. ஒருவர் தன் வருஷத்தில், தன் லீகில், மற்றவர்களைவிட எவ்வளவு குறைவாக ரன் கொடுத்தார் என்று பார்ப்பேன். எல்லோரும் மேற்கோள் காட்டும் 1968-ஐ எடுத்துக்கொள்வோம். செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன் அந்த வருஷம் 304 இன்னிங்ஸ் போட்டு ஈ.ஆர்.ஏ. 1.12-இல் முடித்தார். 13 ஷட் அவுட், அதாவது எதிர் டீமுக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் தானே முடித்த ஆட்டங்கள். சீசன் முடிவில் இரண்டு லீகின் முதல் டீம்களும் மோதும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட்டின் 17 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அப்படிப்பட்ட வருஷத்திலும் அவர் 9 ஆட்டம் தோற்றார் என்பது உங்கள் இரண்டாவது கேள்விக்கு இன்னொரு பதில். அதில் ஒன்றில் அவர் கொடுத்தது ஒரே ரன், எதிரில் கேலர்ட் பெரி ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் போட்டுவிட்டார். ஆனால் அந்த வருஷம் யாருமே அடிக்கவில்லை. அமெரிக்கன் லீகில் பேட்டிங்கில் முதலில் வந்தவரின் சராசரி .301, அதைவிடக் குறைந்த முதலிடம் வரலாற்றில் இல்லை. பயந்துபோய் அடுத்த வருஷமே பிட்ச்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள், பந்து ஸ்ட்ரைக் என்று கணக்காகும் பரப்பான ஸ்ட்ரைக் ஜோனையும் சுருக்கினார்கள்.

அவருடைய லீகின் சராசரி ஈ.ஆர்.ஏ. அந்த வருஷம் 2.99. லீக் 100 ரன் கொடுத்த இடத்தில் கிப்சன் 37 கொடுத்திருக்கிறார். இப்போது 2000-ஆம் வருஷம். ஹோம் ரன்கள் மழையாகப் பெய்த காலம், பலர் ஊக்க மருந்து எடுத்ததாகப் பின்னால் தெரியவந்த காலம். அமெரிக்கன் லீகின் சராசரி ஏறக்குறைய 4.9. பாஸ்டனின் பெட்ரோ மார்டினெஸ், ஐந்தடி பதினோரு அங்குலம், ஒல்லியான உடம்பு, சின்ன மைதானம், அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.74. லீகில் அவருக்கு அடுத்து வந்த ரோஜர் கிளெமன்ஸின் எண் 3.70, இரண்டு மடங்குக்கும் மேல். லீகின் 100-க்கு இவர் 35. மேட்டை வெட்டிய பிறகு, பேட்டர்கள் உடம்பை வளர்த்த பிறகு. வெற்றி? 18-தான், வரிசைப் பட்டியலில் கண்ணுக்கே படாது. கிப்சன் பக்கம் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும், அவர் 304 இன்னிங்ஸ் தாங்கினார், பெட்ரோ 217. கூடுதலாக 87 இன்னிங்ஸ் தாங்குவதை இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு எப்படி எடை போடுவது என்பது ரசனை. நான் பெட்ரோ பக்கம். 1994-இல் அட்லாண்டாவின் கிரெக் மாடக்ஸும் இதே உயரத்தைத் தொட்டார், 1.56, லீகின் 100-க்கு 37. அந்த சீசன் ஆகஸ்டில் வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்றது. மாடக்ஸ் வேகமாகப் போட்டவரே இல்லை. 355 வெற்றி, வாழ்நாள் முழுக்க 999 வாக். ஆயிரமாவது வாக்கைக் கொடுக்காமலேயே ஓய்வு பெற்றார் என்பது என் மாதிரி நோட்டுக்காரர்களுக்கு இனிக்கிற விஷயம்.

ரயனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விட முடியாது. 27 சீசன், 5,714 ஸ்ட்ரைக் அவுட், ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர் ஆட்டம் 7, ஏழாவது 44 வயதில். இந்த மூன்றும் அசையாது என்றே நினைக்கிறேன். அதே ஆள் 2,795 வாக் கொடுத்திருக்கிறார், அதுவும் உலக சாதனை. சை யங் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அதிசயமான பிட்ச்சர், தலைசிறந்தவர் பட்டியலில் என் கணக்கில் முதல் பத்துக்குள் வரமாட்டார். இதைச் சொன்னால் ரயனின் சொந்த மாநிலமான டெக்சஸ் நண்பர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது சாட்சல் பேஜ். 1906-இல் அலபாமாவில் பிறந்தவர். கறுப்பினத்தவர் என்பதால் 42 வயது வரை பெரிய லீகில் கால் வைக்க விடவில்லை. கறுப்பினத்தவர் லீகுகளிலும் ஊர் ஊராகச் சுற்றிய காட்சி ஆட்டங்களிலும் போட்டார். சுமார் 2,000 ஆட்டம் ஜெயித்திருப்பதாக அவரே சொல்லிக்கொண்டார். அதைச் சரிபார்க்கத் தாள் கிடையாது, எழுதி வைக்க ஆள் இல்லாத மைதானங்கள். உறுதியாக இருப்பது இதுதான். 1948 ஜூலையில் கிளீவ்லண்ட் அவரை எடுத்தது, 6 ஜெயித்து 1 தோற்றார். ஆகஸ்ட் 20 அன்று 78,382 பேர் பார்க்க சிகாகோ டீமுக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 1-0 என்று ஜெயித்தார். அந்த ஏரிக்கரை மைதானம் இப்போது இல்லை. 1965-இல் 59 வயதில் கான்சஸ் சிட்டிக்காக 3 இன்னிங்ஸ் போட்டு ரன் கொடுக்காமல் இறங்கினார். 59 வயதில் இது என்றால் 29 வயதில் என்ன போட்டிருப்பார்? கறுப்பினத்தவர் லீகுகளின் எண்களை 2024-இல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்தார்கள். சேர்த்தது தாளில் இருந்ததை மட்டும்.

இதே கிளீவ்லண்டுக்கு ஆடிய பாப் ஃபெல்லர் 1939 முதல் 41 வரை 24, 27, 25 என்று ஜெயித்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் கடற்படையில் சேர்ந்து ஏறக்குறைய நான்கு சீசன் பீரங்கி பக்கத்தில் கழித்தார். திரும்பி வந்து 1946-இல் 26 ஜெயித்தார். மொத்தம் 266 என்று புத்தகத்தில் இருக்கிறது. இடைவெளியை நிரப்பினால் 340-க்கு மேல் வந்திருக்கலாம், தோள் தாங்கியிருந்தால். கோஃபாக்ஸ் அதுகூட இல்லாமல் 30 வயதிலேயே, 27 ஜெயித்த வருஷத்தின் முடிவில், இடது முழங்கை வீங்கி நிமிர்த்த முடியாமல் போனதால் விலகிவிட்டார். மொத்தம் 165 வெற்றி. இன்று டாமி ஜான் பெயரில் இருக்கும் முழங்கை அறுவை சிகிச்சை எட்டு வருஷம் கழித்து, 1974-இல்தான் வந்தது. அது அப்போதே இருந்திருந்தால் கோஃபாக்ஸ் தப்பியிருப்பார் என்று பலர் எழுதுகிறார்கள். அவருக்கு இருந்தது மூட்டு வாதம் என்றார்கள், அறுவை சிகிச்சை கிழிந்த தசைநாருக்கு. நான் டாக்டர் இல்லை, ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, யார்தான் பெரியவர்? கிளெமன்ஸ் என்று சொல்ல எண்கள் இருக்கின்றன, 354 வெற்றி, 7 சை யங் விருது. ஊக்க மருந்து பற்றிய 2007 அறிக்கையில் அவர் பெயர் வந்தது, அவர் மறுத்தார். பொய் சாட்சி வழக்கில் 2012-இல் விடுதலையானார், ஆனாலும் பத்து வருஷமும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்க்கப் போதுமான பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போடவில்லை. அந்த எண்களை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரே ஒரு சீசனுக்கு ஒருவரைக் கேட்டால் 2000-இன் பெட்ரோ. முழு வாழ்நாளுக்கு என்றால் வால்டர் ஜான்சன். 21 வருஷமும் வாஷிங்டன் என்ற ஒரே டீம், அதில் பாதி வருஷம் ஏழை டீம். ஈ.ஆர்.ஏ. 2.17, 110 ஷட் அவுட், அடுத்தவர் 90. 1-0 என்ற கணக்கில் மட்டும் 38 ஜெயித்து 26 தோற்றார். நினைத்துப் பாருங்கள், ஒரே ரன் கொடுத்து 26 முறை தோற்ற மனிதர். 1924 உலகத் தொடரில் முதலில் போட்ட இரண்டு ஆட்டத்தையும் தோற்றிருந்தார். ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் அழைத்தார்கள், 36 வயது. நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்கவில்லை. பன்னிரண்டாவதில் வாஷிங்டன் அடித்த ஒரு சாதாரண உருட்டுப் பந்து, நியூயார்க் ஃபீல்டருக்கு முன்னால் ஒரு கூழாங்கல்லில் பட்டு அவர் தலைக்கு மேல் எகிறியது. ரன் வந்தது, கோப்பை வந்தது. வெற்றி ஜான்சன் பெயரில். 26 முறை பறிபோனதற்கு ஒரு கூழாங்கல் வட்டி.

கடைசியாக ராட்போர்ன். 1884, ப்ராவிடன்ஸ் டீம். அந்த வருஷம் அவர் போட்டது 678 இன்னிங்ஸ். தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியாமல் இருந்தார் என்பது கதை, இருந்திருக்கலாம். 59-ஆ 60-ஆ என்ற சண்டை ஜூலையில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றியது. வேறொருவர் தொடங்கி 5 இன்னிங்ஸ் போட்டு, முன்னிலையில் இருக்கும்போது இறங்கினார். மீதி நான்கை ராட்போர்ன் போட்டு முடித்தார். அன்றைக்கு இதற்கு எழுதிவைத்த விதி கிடையாது. ஸ்கோர் எழுதியவர் யார் நன்றாகப் போட்டார் என்று பார்த்து பெயர் போட்டுவிடலாம், அப்படிப் பார்த்தால் 60. நான் மேலே சொன்ன விதி 1950-இல்தான் உறுதியாக அச்சேறியது. அதைப் பின்னோக்கிப் பொருத்துகிறவர்கள் தொடங்கியவருக்கே கொடுத்து 59 என்கிறார்கள். இரண்டு எண்ணும் பொய் இல்லை. அந்த இடது கைப் பையன் விஷயத்தில் எனக்குப் பிடிக்காவிட்டாலும் விதிப்படிதான் எழுதினேன், அதனால் இங்கே மாற்றிப் பேச முடியாது. என் நோட்டில் 59, பென்சிலில்.